சங்கத்துக்குச் சந்தா கட்டி என்ன கிடைத்தது?

27 செப்டம்பர் 2025 – வந்த கேள்வி

"அண்ணா, நான் கோவை கணபதி பக்கம் ரெண்டு லேத், ஒரு மில்லிங் மிசின் வெச்சு ஜாப் ஒர்க் ஓட்டறேனுங்க, கம்பெனிங்க மெட்டீரியல் கொடுத்தா கூலிக்குச் செஞ்சு கொடுக்கிற வேலை. மூணு வருசமா சிறுதொழில் சங்கத்துல சேரச் சொல்லி வந்து கேட்டுட்டே இருக்காங்க. சேர்ந்தவங்க என்னத்தைக் கண்டாங்க? வருசத்துக்கு ஒரு கூட்டம், ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. இந்த வாரம் ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆயிருச்சு. சங்கம் என்ன பண்ணுச்சு? அந்தக் காசுக்கு நாலு இன்சர்ட் (வெட்டுற முனை) வாங்கிப் போட்டா மிசினாச்சும் ஓடும்."

28 செப்டம்பர் 2025, காலை

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. 22-ஆம் தேதியில் இருந்து எனக்கும் அதே எரிச்சல்தான். நானும் ஜாப் ஒர்க்காரன். சிங்காநல்லூர் பக்கம் மூன்று சி.என்.சி. (கணினியில் ஓடும்) மிசின், ஒரு பழைய லேத், ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். பதினொரு வருடமாகச் சங்கத்தில் இருக்கிறேன், அதில் நாலு வருடம் செயற்குழுவில். அதனால் ஒதுங்கி நின்று பதில் சொல்ல என்னால் முடியாது.

முதலில் அந்த 18. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நம் மாதிரி எஞ்சினியரிங் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம்தான் இருந்தது. ஐந்தாகக் குறையுங்கள் என்று மனு மேல் மனு போனது. 2019 செப்டம்பர் 20 அன்று கோவாவில் நடந்த 37-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் 12 ஆக்கினார்கள், அக்டோபர் 1 முதல் அமல். கேட்டது ஐந்து, வந்தது பன்னிரண்டு. இந்த மாதம் 3-ஆம் தேதி, 56-ஆவது கூட்டத்தில், 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள். அந்த அடுக்கில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5-க்கு இறங்கின. வேறு எந்தத் தலைப்பிலும் அடங்காத ஜாப் ஒர்க் என்று பட்டியலில் ஒரு பிரிவு உண்டு, நாம் இருப்பது அதில். அது 18-க்கு ஏறிவிட்டது.

கிடைத்ததும் போய்விட்டது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் நடுவில் ஓடிய ஆறு வருடத்தையும் கணக்கில் சேருங்கள். மாதம் மூன்று லட்சத்துக்கு பில் போடுகிற பட்டறைக்கு 18-க்கும் 12-க்கும் வித்தியாசம் 18,000 ரூபாய். மாதாமாதம். பார்ட்டி, அதாவது வேலை கொடுத்த கம்பெனி, பணம் தருவதற்கு முன்னாலேயே நம் கையில் இருந்து எடுத்துக் கட்டுகிற பணம் அது. சங்கத்தால் கிடைத்தது அது.

28 செப்டம்பர் 2025, இரவு

காலையில் எழுதியதற்கு உடனே ஒருவர் கேட்டுவிட்டார்: "பார்ட்டி ஐடிசி எடுத்துக்கறான். வரி 12 ஆனா என்ன, 18 ஆனா என்ன, உங்களுக்கு நஷ்டம் எங்க?"

ஐடிசி என்றால் வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது. ஆடிட்டர்களும் இதையேதான் சொல்வார்கள். காகிதத்தில் நஷ்டம் இல்லை, உண்மைதான். ஆனால் நமக்கு உள்ளே வருகிற ஐடிசி எவ்வளவு? மெட்டீரியல் பார்ட்டியுடையது. நாம் வாங்குவது இன்சர்ட், கூலன்ட், கொஞ்சம் ஆயில். கூலிக்கும் கரன்டுக்கும் ஐடிசி கிடையாது. அதனால் பில்லில் போடுகிற வரி கிட்டத்தட்ட முழுசாக நம் அக்கவுண்டில் இருந்துதான் போகிறது. இந்த மாதம் போட்ட பில்லுக்கு அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். பார்ட்டி தருவது தொண்ணூறு நாளிலோ நூற்றிருபது நாளிலோ. மூன்று லட்சத்துக்கு 54,000 வீதம் மூன்று நான்கு மாதம் வெளியே நிற்கும். அதுவரை வங்கியில் எடுக்கிற ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடனுக்கு வட்டி நம்முடையது. வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழ் இருந்து பதிவே செய்யாதவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவரிடம் வேலை கொடுக்கப் பல கம்பெனிகள் தயாராக இல்லை.

இன்னொன்று. காலையில் "சங்கத்தால் கிடைத்தது" என்று எழுதியிருந்தேன், அது கொஞ்சம் அதிகம். அந்த ஆண்டு வாகன உற்பத்தி பயங்கரமாக விழுந்திருந்தது, அரசாங்கமும் ஏதாவது செய்ய வேண்டிய இடத்தில் இருந்தது. எங்கள் மனு தனியாக நின்று கதவைத் திறக்கவில்லை. கதவு திறந்த நேரத்தில் மேசை மேல் தயாராக இருந்தது என்பதுதான் சரி. இந்தத் தடவை 12-ஐ எடுக்கப்போகிறார்கள் என்று ஆகஸ்ட் 15-லேயே தெரியும். அந்த மூன்று வாரத்தில் நம் வரி எந்தப் பக்கம் போகும் என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். எல்லோரும் 5-க்கு வரும் என்றே நம்பினோம். இதை என் தவறாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

30 செப்டம்பர் 2025

சால்வையும் போட்டோவும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சங்கம் என்றால் 2022 ஆகஸ்ட் 16 தான் நினைவுக்கு வரும். மின் கட்டண உயர்வு பற்றி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையில் கருத்துக் கேட்ட நாள். அடுத்து 18-ஆம் தேதி மதுரை, 22-ஆம் தேதி சென்னை.

பெரிய பெரிய ஆட்கள் கோப்பு கோப்பாகப் பேசினார்கள். எங்களோடு வந்தவர்களில் ஒரு பெரியவர், கிரைண்டர் பார்ட்ஸ் செய்கிறவர், அறுபது வயது தாண்டியவர். சட்டைப் பையில் இருந்து இரண்டு ஈபி பில்லை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பே கிழிந்திருந்தது. ஒன்று ஆர்டர் இருந்த மாதம், இன்னொன்று பட்டறை பாதி நாள் மூடிக் கிடந்த மாதம். பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு. "மிசின் ஓடுனா நான் கட்டறேனுங்க. ஓடாத நாளுக்கு இத்தனை எப்படிங்க கட்டறது?" என்றார், அவ்வளவுதான். மிசின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டியது நிலைக்கட்டணம். அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த அரங்கத்தில் நிலைக்கட்டணத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் பேசவில்லை.

அந்தப் பெரியவர் தனியாக அங்கே வந்திருக்க மாட்டார். கருத்துக்கேட்பு நடக்கிறது என்பதே அவருக்குச் சங்கம் சொல்லித்தான் தெரியும். முதல் நாள் மாலை சங்க அறையில் உட்கார வைத்து, பில்லில் எந்த வரியைக் காட்ட வேண்டும் என்று வட்டம் போட்டுக் கொடுத்தோம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். செப்டம்பர் 10 முதல் கட்டணம் ஏறிவிட்டது. முன்பு கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் பல மடங்கானது. 112 கிலோவாட் இணைப்பு வைத்திருந்தவருக்கு 3,920 ரூபாயாக இருந்தது, அடுத்த ஆண்டு 17,000-த்தைத் தாண்டியது. அதோடு உச்ச நேரக் கட்டணம் வேறு. எங்களில் பலர் மனம் விட்டுப்போனார்கள். ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்க ஒரு நாள் கதவடைப்பு. நானும் மூடினேன். அந்தச் சமயத்தில்தான் உச்ச நேரக் கட்டணத்தை 25-இல் இருந்து 15 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. பிறகு 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் சின்னப் பட்டறைகள் 3பி என்ற கட்டணப் பிரிவில் இருந்து கட்டணம் குறைவான 3ஏ1-க்கு மாற வழி பிறந்தது.

உங்களுக்கு ரெண்டு லேத், ஒரு மில்லிங். 12 கிலோவாட்டுக்குள்தானே வரும்? உங்கள் ஈபி கார்டில் என்ன டாரிஃப் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

1 அக்டோபர் 2025

பார்த்துவிட்டுச் சொன்னதற்கு நன்றி தம்பி. இன்னும் 3பி என்றால் மின்வாரிய செக்‌ஷன் ஆபீசுக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்கள். உத்யம் (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். வாடகைக் கட்டடம், இணைப்பு ஓனர் பெயரில் என்றால் அவர் கையெழுத்தும் கேட்பார்கள்.

5 அக்டோபர் 2025

தொடர்புக் கூட்டங்கள் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். காலை ஏழு மணிக்கு ஓட்டல் ஹாலில் கூடி, ஒவ்வொருவரும் அரை நிமிடம் எழுந்து தன் தொழிலைச் சொல்லி, "இந்த வாரம் இத்தனை ரெஃபரல் கொடுத்தேன்" என்று கணக்கு ஒப்பிக்கிற குழுக்கள். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். நான் ஒரு வருடம் போனேன். மாடுலர் கிச்சன், இன்சூரன்ஸ், போட்டோகிராபி, வீட்டுக் கடன் செய்கிறவர்களுக்கு நன்றாகவே வேலை கிடைத்தது. பொதுமக்களுக்கு விற்கிற தொழில் எல்லாவற்றுக்கும் அது ஒத்துவரும். எனக்கு வேலை கொடுக்கிறவர் கம்பெனி பர்ச்சேஸில் உட்கார்ந்திருக்கிறார், அவர் அந்த ஹாலுக்கு வருவதில்லை. நான் வாங்கி வந்த விசிட்டிங் கார்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு இன்னும் டிராயரில் கிடக்கின்றன.

எனக்குப் பலித்தது வேறு மாதிரிக் கூட்டம். சங்கத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம், பதினைந்து இருபது பேர் வருவார்கள். ஒரு தடவை, பம்ப்புக்குப் பார்ட்ஸ் செய்கிற ஒருவர் பேப்பரில் சுற்றிய ஸ்டீல் புஷ் (குழாய் மாதிரித் துளையுள்ள உருளை) ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். எண்ணெய் பேப்பர் முழுக்க ஊறியிருந்தது. "உள் விட்டம் ஒரு முனையில் சரியா வருது, அடுத்த முனையில் கொஞ்சம் கூடிடுது. யாருகிட்ட ஹோனிங் இருக்கு?" என்றார். ஹோனிங் என்றால் துளையின் உட்புறத்தைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிற வேலை. புஷ் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவர் வெளிச்சத்துக்குத் தூக்கி உள்ளே பார்த்தார். இன்னொருவர் சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஹோனிங் பிரச்சினை இல்லீங்க, சக்குல அமுக்கிப் பிடிக்கிறப்ப கோணிக்குது, சாஃப்ட் ஜா போட்டுப் பாருங்க" என்றார். சாஃப்ட் ஜா என்றால் பீஸைப் பிடிக்கிற சக்கில், பீஸின் அளவுக்குக் கடைந்து மாட்டுகிற மெதுவான பிடி. போட்டுப் பார்த்தார், சரியாகிவிட்டது. சாஃப்ட் ஜா சொன்னவருக்கு அடுத்த மாதம் அந்த புஷ் ஆர்டரே போனது. அவரிடம் இடம் போதாமல் பாதி என்னிடம் வந்தது. இன்றுவரை ஓடுகிறது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். கார்டு கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை, ரிஜெக்ட் ஆன பீஸ் ஒன்றைக் கொண்டு வாருங்கள்.

6 அக்டோபர் 2025

நேற்று விட்டுப்போனது. மத்திய பொதுத்துறை நிறுவனங்களை அழைத்து நடத்துகிற வென்டர் மேம்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள். 2012-இல் போட்டு 2018-இல் திருத்திய கொள்முதல் ஆணைப்படி அவர்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியலின, பழங்குடி உரிமையாளர்களுக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. டெண்டரில் நமக்கு முன்வைப்புத் தொகை விலக்கும் உண்டு. என் தங்கை பெயரில் இருக்கிற யூனிட்டுக்கு இந்த 3 சதவீத விஷயமே அப்படி ஒரு கூட்டத்தில்தான் தெரிந்தது.

11 அக்டோபர் 2025

இன்றைக்கு எழுதப்போவதுதான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. பாக்கிப் பணம்.

2023-இல் ஒரு கம்பெனி எனக்கு நாலு லட்சம் தர வேண்டியிருந்தது. பெயர் வேண்டாம். ஏழு மாதமாகியும் பர்ச்சேஸில் கேட்டால் அக்கவுண்ட்ஸ், அக்கவுண்ட்ஸில் கேட்டால் "ஐயா வரணும்". சட்டம் எனக்குத் தெரியும். 2006-இல் வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தில், வாங்கினவர் பணம் தர 45 நாள் கெடு இருக்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்போது பேங்க் ரேட் 6.75, மூன்று மடங்கு 20.25 சதவீதம். நாலு லட்சத்துக்கு ஆறு மாதத்தில் சுமார் 42,000 ரூபாய் வட்டியே வரும். சமாதான் என்ற அரசு இணையதளத்தில் வீட்டில் இருந்தே புகார் போட முடிந்தது, 2017-இல் வந்த வசதி அது. அந்தப் புகார், இந்த மாதிரிப் பாக்கியைத் தீர்க்க மாநில அரசு அமைத்த வசதிக் கவுன்சிலுக்குப் போகும். முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் வாங்கினவர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இவ்வளவு பலமான சட்டம்.

நான் போடவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு லாகின் செய்து, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கடைசி பட்டனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் வேலையில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனியில் இருந்துதான் வந்தது. புகார் போன மறுநாள் அவர்கள் கொடுத்த டை, ஃபிக்ஸ்சர் (பீஸ் செய்யத் தேவையான கருவிகள்) எல்லாம் திரும்பக் கேட்டு வண்டி வரும். ஐந்து பேருக்குச் சம்பளம் யார் தருவது? மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில், எல்லோரும் கிளம்பின பிறகு செயலாளரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க நாலாவது ஆளுங்க" என்றார். அதே கம்பெனி. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் நாலு பேர். விசாரித்ததில் ஏழு பேர் ஆனோம். சங்கத் தாளில் ஒரு கடிதம் போனது. மொத்தப் பாக்கி இவ்வளவு, இத்தனை யூனிட், இந்தத் தேதிக்குள் பேச நேரம் கொடுங்கள். யார் பெயரும் இல்லை, தனித் தொகையும் இல்லை. பத்து நாளில் கூப்பிட்டார்கள். தலைவரும் செயலாளரும் போய்ப் பேசினார்கள். மூன்று தவணையாக ஏழு பேருக்கும் பணம் வந்தது. யார் சொன்னது என்று அவர்களுக்கு இன்றும் தெரியாது. எனக்கு ஆர்டர் நிற்கவில்லை.

தம்பி, தனி ஆளாகக் கேட்டால் நம் முகம் தெரிந்துவிடும். சங்கம் கேட்கும்போது முகம் தெரியாது. நான் சந்தா கட்டுவது இதற்காகத்தான்.

12 அக்டோபர் 2025

இரண்டு திருத்தம். எங்கள் ஆடிட்டர் படித்துவிட்டுக் காலையிலேயே போன் பண்ணினார்.

ஒன்று, 45 நாள் என்று பொத்தாம் பொதுவாக எழுதிவிட்டேன். எழுத்தில் ஒப்பந்தம் இருந்து அதில் நாள் குறித்திருந்தால்தான் அந்த நாள், அதுவும் 45-ஐத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். நம்மில் பாதிப் பேருக்கு வாய்ப்பேச்சுதான், ஆக நமக்கு 15. பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) 90 நாள் என்று அச்சடித்து நாம் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டப்படி அது 45 தான்.

இரண்டு, உத்யம் பதிவு. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தைக் காட்டலாமா என்றால், முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஆண்டு ஜனவரியில் அதே விஷயத்தைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பதிவு இல்லாதவர்கள் இன்றைக்கே போடுங்கள். ஆதார், பான் போதும், ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. "உத்யம் எடுத்துத் தரோம், ரெண்டாயிரம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

அந்த 42,000 வட்டியை ஏன் விட்டீர்கள் என்று ஆடிட்டர் கேட்டார். அசல் வந்த சந்தோஷத்தில் ஏழு பேருமே விட்டுவிட்டோம். இப்போது நினைத்தால் தவறு என்றே தோன்றுகிறது. வட்டியில் கால் பங்காவது வாங்கியிருந்தால் அடுத்த தடவை அந்தக் கம்பெனி ஏழு மாதம் இழுக்காது. வட்டி கேட்காமல் விட்டதால் தாமதிப்பதில் அவர்களுக்குச் செலவே இல்லை என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

19 அக்டோபர் 2025

வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2023-24 நிதியாண்டில் இருந்து அமல். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் வாங்கினவர் கழிக்க முடியாது. எந்த ஆண்டு உண்மையில் பணம் தருகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிவு. கையில் கொடுக்காத பணத்துக்கு வருமான வரி கட்ட நேரிடும்.

2024 மார்ச்சில் என் போன் ஓயவில்லை. வருடக்கணக்கில் எடுக்காத அக்கவுண்ட்ஸ் ஆட்கள் எல்லாம், "உங்க உத்யம் அனுப்புங்க, நீங்க மைக்ரோவா, ஸ்மாலா?" என்று கேட்டார்கள். மார்ச் 31-க்குள் வந்த மாதிரி என் தொழில் வாழ்க்கையில் பணம் வந்ததில்லை.

இதை முழு வெற்றி என்று சொல்ல மனம் வரவில்லை. அதே மார்ச்சில் என் நண்பர் ஒருவரிடம் வாங்கினவர், "உத்யமை கேன்சல் பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தரேன்" என்றார். அவருக்கு வேறு வழி இல்லை, செய்தார். சங்கத்துக்குள்ளேயும் அந்த மாதம் பெரிய சண்டை. நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் விற்கிறவர்களும்தான், வாங்குகிறவர்களும்தான். இந்த விதியைத் தள்ளிவையுங்கள் என்று மனு கொடுக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு, கூடவே கூடாது என்றது நாங்கள் இருந்த தரப்பு. வியாபாரிகளுக்கு இன்னொரு மனக்குறை. 2021 ஜூலையில் அவர்களையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். தாமதப் பணத்துக்கு அவர்கள் இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது, ஆனால் நம்மிடம் வாங்கினால் கெடு அவர்களுக்கு உண்டு. கடைசியில் மனு எதுவும் போகவில்லை. இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள், ஒருவர் எனக்கு நெருங்கினவர். அவர் திரும்பி வர வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த ஏப்ரலில் இருந்து வரம்பும் மாறிவிட்டது. சிறு நிறுவனம் என்றால் முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. முன்பு நடுத்தரமாக இருந்த பலர் இப்போது சிறு. வாங்குகிறவர் எந்த வகை என்று நமக்குக் கவலை இல்லை, கெடு எல்லோருக்கும் பொதுதான். ஆனால் பாக்கிக்காக வசதிக் கவுன்சில் வாசலில் நிற்கிற வரிசையில், புதிதாகச் சிறு ஆனவர்களும் இனி நிற்பார்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிற வழக்குகள் ஏற்கெனவே அதைவிட நீள்கின்றன.

20 அக்டோபர் 2025

தீபாவளி வாழ்த்துகள். போனஸ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், மனசு நிறைவாக இருக்கிறது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

2 நவம்பர் 2025

சங்கத்தைப் பற்றி நல்லதே எழுதுகிறேன் என்று தம்பி சொன்னது உறைத்தது. குறைகளையும் எழுதுகிறேன்.

எங்கள் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒற்றை ஆளாக மிசின் ஓட்டுகிறவர் ஆறு மணிக்கு வர முடியுமா? இரவு டெலிவரி இருக்கும். அதனால் யாருக்குச் சங்கம் மிகவும் தேவையோ அவர் வருவதில்லை. சூப்பர்வைசர் வைத்திருக்கிறவர்தான் வருகிறார், அவர் பிரச்சினைதான் மனுவாகிறது. ஒன்பது வருடம் ஒரே ஆள் பொருளாளராக இருந்தார். நல்ல மனிதர், ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆனால் வேறு யாருக்கும் கணக்கு எழுதத் தெரியாமல் போய்விட்டது. சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தர வேண்டும். அவருக்கு உடம்பு முடியாமல் போன வருடம் அதற்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெண் தொழில்முனைவோர் எங்கள் செயற்குழுவில் ஒருவர்கூட இல்லை. என் தங்கையைக் கேட்டேன். "நாற்காலி எல்லாம் ஒரே வரிசையாப் போட்டு மேடையைப் பாத்து உக்கார வைக்கறீங்க. அங்க நான் யாருகிட்டப் பேசறது?" என்றாள். அடுத்த மாதமே நாற்காலியை வட்டமாகப் போட்டோம். அவள் வந்தாள், இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். நேரத்தைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சந்தா பற்றி ஒன்று. வருடம் 1,000 ரூபாய் வரை உறுப்பினர் கட்டணத்துக்கு, தொழில் வளர்ச்சிக்காகப் பதிவு செய்த லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. எங்கள் சந்தா அதற்குள்தான். உங்கள் நாலு இன்சர்ட் கணக்கு கிட்டத்தட்டச் சரி.

23 நவம்பர் 2025

நேற்று முன்தினம், 21-ஆம் தேதி, நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. காலையில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரே பீதி. பாதி தவறான செய்தி. மின்சாரம் பயன்படுத்துகிற தொழிற்சாலை என்பதற்கான ஆள் எண்ணிக்கை 10-இல் இருந்து 20 ஆகியிருக்கிறது. மொத்த ஊதியத்தில் பாதிக்குக் குறையாமல் சம்பளமாகக் கணக்கிட வேண்டும், அது பி.எஃப்., கிராஜுவிட்டியைத் தொடும். குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த ஆளுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. மாநில விதிகள் வரட்டும், அதுவரை எவரும் "கன்சல்டன்ட்" என்று வந்து கேட்டால் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு வழக்கறிஞரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். உறுப்பினர் இல்லாதவர்களும் வரலாம் என்று நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். வேலை பார்க்கிறவர்களையும் ஒருவரையாவது கூட்டி வாருங்கள், சட்டம் அவர்களுடையதும்தான்.

8 டிசம்பர் 2025

தம்பி நேற்று வந்திருந்தார். கையில் லேத் எண்ணெய் சரியாகப் போகாமல், நேராகப் பட்டறையில் இருந்து. முதல் முறையாக ஞாயிறு காலை வைத்த கூட்டம், வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூட்டம். உறுப்பினர் படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், நிரப்பவில்லை. நானும் கேட்கவில்லை. ஈபி 3ஏ1-க்கு மாறிவிட்டது என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு நோட்டைக் காட்டினார். மூன்று கம்பெனி பாக்கி. அதில் ஒன்றின் பெயரை அதே காலையில் வேறு இரண்டு பேரிடம் கேட்டிருந்தேன்.

ஜாப் ஒர்க் வரிக்குப் புது மனு தயாராகிறது. இந்தத் தடவை "குறையுங்கள்" என்று மட்டும் எழுதப்போவதில்லை. 22 செப்டம்பருக்குப் பிறகு போட்ட ஒவ்வொரு பில்லுக்கும் வரி கட்டின தேதி, பணம் வந்த தேதி, இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று பட்டியலாக இணைக்கிறோம். பெயர் இருக்காது. கோவை, திருப்பூர், ஓசூர் எங்கே இருந்தாலும் உங்கள் பகுதி சங்கம் வழியாக இதே மாதிரி எடுத்துக் கொடுங்கள். சங்கம் இல்லாத இடமென்றால் நாலு பட்டறைக்காரர்கள் சேர்ந்தும் எடுக்கலாம்.

தம்பி, நீங்கள் கொடுத்த தாளில் மூன்றாவது வரியில் பணம் வந்த தேதி இருக்கிறது, பில் தேதி இல்லை. டெலிவரி சலானைப் பார்த்து செவ்வாய்க்குள் அனுப்புங்கள். புதன்கிழமை தட்டச்சுக்குக் கொடுக்கிறோம்.